பெட்டி பூட்டுமுன் பத்து வார்த்தை

தம்பி,

பென்சன் எடுத்த முதல் கிழமையே நீ ரெலிபோன் எடுத்தாய். "அண்ணை, நானும் உங்களைப்போல சைக்கிளிலை பெட்டி பூட்டிக்கொண்டு வெளிக்கிடப் போறன். என்னென்ன வாங்கவேணும்?" என்று கேட்டாய். வாங்க வேண்டியதைக் கடைக்காரன் சொல்லுவான். அவன் சொல்லாத சில விஷயங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் பிழை விட்டுப் படித்தவை.

பெட்டி என்று நாம் சொல்வது, இங்கே ஆன்ஹெங்கர் என்கிறார்களே, அதைத்தான். ஊரில் லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினுக்குப் பின்னால் பூட்டுவது பெட்டியென்றால் என் சைக்கிளுக்குப் பின்னால் வருவதும் பெட்டிதான். 1984இல் ஒரு பையோடு இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்தேன். சமையலறையிலும் தொழிற்சாலையிலும் நின்றே காலம் போய்விட்டது. 65 வயதில் வேலையை விட்டேன்; இப்போது 72. இந்த ஏழு வருடத்தில் உழக்கிய தூரம் எவ்வளவு என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. சைக்கிளை விட்டு இறங்கி நின்ற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவற்றிலிருந்து உனக்குப் பத்து.

1. முதற்பயணம் சின்னதாக இருக்கட்டும்

எங்கள் பாடனில் லிமாத் ஆற்றங்கரையோடு கீழே போனால், அரை நாளுக்குள் அது ஆரே ஆற்றோடு கலக்கிற இடம் வந்துவிடும். பக்கத்திலேயே றொய்ஸ் ஆறும் வந்து சேர்கிறது. மூன்று ஆறு கூடுகிற அந்த இடத்துக்கு வாஸர்ஷ்லொஸ் என்று பெயர். நீர்க்கோட்டை என்று வைத்துக்கொள். அங்கிருந்து 8ஆம் இலக்கச் சைக்கிள் வழியின் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு போனால் கோப்லென்ஸ். அங்கே ஆரே, றைனுக்குள் போய்விடுகிறது. ஜேர்மனியிலும் ஒரு கோப்லென்ஸ் உண்டு, மோசல் ஆறு றைனோடு சேர்கிற இடத்தில். இரண்டு பெயரும் ஆறுகள் கூடுமிடம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதான். நம் மொழியில் கூடல் என்போமே, அதுபோல.

நானோ எடுத்த எடுப்பிலேயே, றைன் முடிகிற ஒல்லாந்து வரை போகிறேன் என்று தெரிந்தவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி, ரயிலில் வீடு வந்தேன். ஒரு கோப்லென்ஸிலிருந்து மற்றக் கோப்லென்ஸுக்குப் போக எனக்கு மூன்று வருடம் எடுத்தது. நீ முதலில் ஒரு இரவு கூடாரத்தில் படு. மறுநாள் வீட்டுக்கு வா. ஊருக்குச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

2. நேரம் கிடைத்தவன்தான் தேவையில்லாததைக் கட்டுவான்

முதல் முறை பெட்டி கட்ட நான் இரண்டு கிழமை எடுத்தேன். ஐந்து கிலோ அரிசி, பிறஷர் குக்கர், இடியப்ப உரல், மடக்குக் கதிரை இரண்டு. தனியாகப் போகிறவனுக்கு எதற்கு இரண்டு கதிரை என்று மனைவி கேட்டாள். யாராவது வந்தால், என்றேன். தராசில் வைத்தபோது 41 கிலோ.

அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் போருக்குத் தப்பி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த மழையில் அவளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவள். கரியரில் அம்மா. ஹாண்டிலில் ஒரு பை: அரிசி, ஒரு பானை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் மருந்து. "யோசிக்க நேரம் இருக்கேல்லை. அதாலைதான் சரியாக் கட்டினன்" என்றாள்.

இப்போது என் பெட்டி 18 கிலோ. ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் சாமானை நிலத்தில் பரப்பி, கைபடாமல் திரும்பி வந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கு. மழையுடுப்பும் மருந்தும் ஒட்டுச்சாமானும் மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

3. பாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வை

எவ்வளவு பாரம் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது பெரிது. கனமானவை அடியில், அச்சுக்கு மேலே, கொழுவுகிற பக்கமாகச் சற்று முன்தள்ளி இருக்கவேண்டும். பின்னால் ஏற்றினால் பெட்டி சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், இறக்கத்தில் வாலாட்டும்.

ப்றுக்கிலிருந்து ஃபிறிக் பக்கம் போக, 569 மீற்றரில் போட்ஸ்பெர்க் என்ற கணவாய் உண்டு. அல்ப்ஸ் மலைக்காரருக்கு அது மேடு. எனக்கு மலை. ஏறி முடித்த சந்தோசத்தில் மறுபக்கம் கைவிட்டு இறங்கினேன். தண்ணீர்க் கலனைப் பெட்டியின் கடைசியில் கட்டியிருந்தேன். ஒரு வளைவில் பெட்டி இடம் போய் வலம் வந்தது. நான் பயந்து பிறேக்கை இறுக்கிப் பிடிக்க இன்னும் ஆடியது. புல்லுக்குள் போய் விழுந்ததால் இன்று உனக்கு எழுதுகிறேன்.

இறக்கத்துக்கு முன்னரே வேகத்தைக் குறை. இரண்டு பிறேக்கையும் பிடி, விடு, பிடி, விடு. விடாமல் பிடித்தால் சூடேறிவிடும். திரும்பும்போது அகலமாக எடு. பெட்டி உன்னைவிட உள்ளால் வெட்டி வரும். ட்றாம் தண்டவாளத்தைக் குறுக்கே, நேராகக் கட. இடம் சறுக்கும் என்று நினைத்தால் இறங்கு.

4. இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்படாதே

அதே போட்ஸ்பெர்க் ஏற்றத்தில் இன்னொரு நாள். வேர்வை ஒழுகத் தள்ளிக்கொண்டு போகிறேன்; ஒரு கார் நின்றது. எங்கள் ஆட்கள்தான், கோயிலுக்குப் போகிறார்கள். "என்ன அண்ணை, கார் பழுதோ?" என்று கேட்டார்கள். இல்லை, சும்மா போகிறேன் என்றேன். அவர்கள் நம்பவில்லை. அடுத்த கிழமை பாடனில் கதை வந்துவிட்டது: பிள்ளைகள் கவனிக்கவில்லையாம், மனுசன் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரியுதாம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியபின் யோசித்துப் பார்த்தேன். கார் நின்ற அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சைக்கிளில் ஏறப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதன், நாலு பேருக்காக ஏறப் பார்த்தான். அதற்குப் பெயர் கெப்பர். அது என்னோடு ஊரிலிருந்தே வந்திருக்கிறது.

உனக்கு மோட்டார் உள்ள சைக்கிள்தான் வசதி என்றால் அதை வாங்கு. அதில் ஒரு குறையும் இல்லை. கால் நோகாமல் போய்ச் சேர்ந்தவனும் போய்ச் சேர்ந்தவன்தான். ஆனால் மோட்டார் இருந்தாலும் ஒருநாள் இறங்கித் தள்ளவேண்டி வரும். அன்றைக்கு யாராவது பார்த்தால் கையை அசைத்துவிட்டுத் தள்ளு.

5. கிலோமீற்றரை எண்ணிக்கொண்டு போகாதே

நாங்கள் மணி அடித்து வேலை செய்த ஆட்கள். பென்சன் எடுத்தாலும் உள்ளுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் 80 கிலோமீற்றர் என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு, ஆரே வழியே மேலே போனேன். சொலோத்தூர்ண் நகரை அப்படியே கடந்துவிட்டேன். இரவு மனைவி கேட்டாள், "அங்கை என்ன பார்த்தியள்?" நான் பார்த்தது ஹாண்டிலில் பூட்டிய சின்னத் திரையை.

பிறகுதான் கேள்விப்பட்டேன், சொலோத்தூர்ண் பதினொன்றில் ஆசை வைத்த ஊராம். பதினொரு தேவாலயம், பதினொரு நீரூற்று, பதினொரு கோபுரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெரிய தேவாலயத்தில் பதினொரு மணி, பதினொரு பீடம். 1481இல் சுவிஸோடு சேர்ந்தபோதும் பதினோராவது கன்ரோன், அதாவது மாநிலம். அடுத்த வருடம் திரும்பிப் போய், தேவாலயப் படியில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டு மணியோசை கேட்டேன். அன்று நான் ஓடியது 22 கிலோமீற்றர். அந்த நாள்தான் இன்னும் மனதில் இருக்கிறது.

நமது வயதுக்கு ஒரு நாளைக்கு 40, 50 போதும். பின்னேரம் மூன்று மணிக்குக் கூடாரம் போடுகிறவனுக்கு நல்ல இடம் கிடைக்கும், வெயிலில் காற்சட்டை காயும், பக்கத்துக் கூடாரக்காரரோடு பேச நேரம் இருக்கும்.

6. கேட்கப் பழகு

காட்டோரத்தில் ஒரு இரவுதானே என்று நினைத்துக் கூடாரம் போடாதே. எங்கே போடலாம் என்பதைக் கன்ரோனும் கெமைண்டே என்கிற ஊராட்சியும் தீர்மானிக்கின்றன. இயற்கைக் காப்பிடங்களில் கூடவே கூடாது. கூடார முகாம்கள் இருக்கின்றன. இல்லாத இடத்தில் நிலத்துக்காரரைக் கேள்.

இந்தக் கேட்பதுதான் எனக்கு வரவில்லை. அகதியாக வந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் கேட்டு நின்றவர்கள் நாங்கள்: படுக்க இடம், வேலை, முத்திரை குத்திய ஒரு தாள். இனி ஒருவரிடமும் கேட்கமாட்டேன் என்று என்றோ ஒருநாள் மனதுக்குள் முடிவெடுத்திருக்கிறேன் போல. 66 வயதில் ஒரு மழை மாலையில், தூண் ஏரிக்கு இந்தப் பக்கம், ஒரு பண்ணை வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்றேன், மணியை அழுத்தாமல். கடைசியில் நாய் குரைத்து, அவரே கதவைத் திறந்தார். என் பிழையான டொச்சில் கேட்டேன். மழைக்குள் கூடாரம் எதற்கு என்று வைக்கோல் கொட்டிலைக் காட்டினார்.

காலையில் பாலும் பாணும் கொண்டுவந்தார். நான் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி எத்தனையோ வருடம் எனக்குக் குத்தும் கேள்வியாக இருந்தது. அன்று, "யாழ்ப்பாணம், இப்ப பாடன்" என்றேன். அவர் பாடனிலிருந்து சைக்கிளிலா என்று ஆச்சரியப்பட்டார். யாழ்ப்பாணத்தை விட அவருக்குப் பாடன்தான் தூரமாகப் பட்டது.

7. உடம்பு சொல்வதைக் கேள்

வெளிக்கிடுமுன் வைத்தியரிடம் போ. எங்கள் ஆட்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. உழக்குகிற நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கு. நான் கேட்கவில்லை. லவுஃபன்பூர்க் தாண்டி றைன் கரையில் போகும்போது கை நடுங்கியது, கண் இருண்டது. இன்னும் ஐந்து கிலோமீற்றர்தானே என்று போனேன். அந்த 'தானே'யில்தான் ஆபத்து இருக்கிறது. வாங்கிலில் இருந்த ஒரு மூதாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்பிள் சாற்றுப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

இப்போது ஹாண்டில் பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும். பெயர், வருத்தம், மருந்து எழுதிய ஒரு அட்டை சட்டைப்பையில் இருக்கும். அம்புலன்சுக்கு 144, ஐரோப்பா முழுவதற்கும் 112. தாகம் எடுக்குமுன் குடி, களைக்குமுன் நில்.

8. பசை காயும்வரை பொறு

ஆன் மஸ்டோ என்று ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். ராஜஸ்தானில் பஸ் ஜன்னலுக்கு வெளியே, பாலைவனத்தில் ஒருவர் தனியே சைக்கிளில் போவதைக் கண்டு ஆசைப்பட்டார். 1987இல், 54 வயதில், வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றப் புறப்பட்டார். அப்போது அவருக்கு ரியூப்புக்கு ஒட்டுப் போடக்கூடத் தெரியாது. சுற்றி முடித்து, பிறகும் போய்க்கொண்டே இருந்தார். 2009இல் சிரியாவின் அலெப்போவில், பயணத்தின் நடுவில், 76 வயதில் காலமானார். ஆகையால் எல்லாம் பழகிவிட்டுத்தான் போகவேண்டும் என்று நாளைக் கடத்தாதே.

ஆனால் ஒட்டுப் போட நான் சொல்லித் தருகிறேன். சின்ன வயதில் எங்கள் சந்திச் சைக்கிள் கடையில் அப்பாவின் றலியோடு நின்று பார்த்தது. கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்துவார். குமிழி வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. துடைத்து, அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசுவார். பிறகு வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவார். பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று நான் துடிப்பேன். "பொறு தம்பி, ஈரத்திலை ஒட்டினா ஒட்டாது" என்பார். விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, பிசுபிசுப்புப் போனபிறகுதான் ஒட்டை வைத்து அழுத்துவார்.

ஈரத்தில் ஒட்டினால் ஒட்டாது. கோபத்தோடு சமாதானம் பேசப் போன இடங்களில் எல்லாம் அந்தக் கடைக்காரர் நினைவுக்கு வந்திருக்கவேண்டும் எனக்கு.

9. போகிறாயா, ஓடுகிறாயா என்று வீட்டில் கேள்

வேலை விட்ட முதல் மாதம் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கூடு சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. ஒருநாள் சின்ன வாக்குவாதம். அடுத்த நாள் விடியப் பெட்டியைப் பூட்டினேன். மனைவி வாசலில் வந்து நின்று கேட்டாள்: "இஞ்சாருங்கோ, நீங்கள் போறியளோ, ஓடுறியளோ?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊரிலிருந்து ஓடி வந்தவன். பிறகு இரவு வேலைக்கு ஓடினேன், பகல் வேலைக்கு ஓடினேன். போவதென்றால் என்ன என்று தெரியாமலே ஓட மட்டும் பழகிவிட்டேன். அன்று பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். ஒரு கிழமை கழித்து, எங்கே, எத்தனை நாள், எப்போது திரும்பி வருவேன் என்று அவளோடு இருந்து பேசிவிட்டுப் புறப்பட்டேன்.

அவளுக்குச் சைக்கிள் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். ஆனால் சனிக்கிழமைகளில் ரயிலில் வந்துவிடுவாள், நான் எந்த ஊரில் நிற்கிறேனோ அந்த ஊருக்கு, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு. இரண்டாவது கதிரைக்கு அப்போதுதான் வேலை வந்தது. 18 கிலோவுக்குள் அதுவும் சேர்த்திதான்.

10. திரும்பி வருவதும் வழிதான்

வீட்டுக்குப் பக்கத்தில் கடலை நோக்கிப் போகிற இந்த ஆரே எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஆசை. கிறிம்செல் கணவாய்ப் பக்கத்துப் பனியாறுகளில், என்பார்கள். கணவாய் 2164 மீற்றர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆனி மாதம், பேர்ண், தூண், மைரிங்கன் எல்லாம் தாண்டி, குத்தானன் என்ற கடைசிக் கிராமம் வரை ஏறிவிட்டேன். அங்கே முகில் இறங்கியது. மழை ஈரப்பனியாக மாறியது. கை விறைத்துப் பிறேக்கை உணரவில்லை. ஒரு கொட்டகைக்குள் நின்று, இன்னும் கொஞ்சம்தானே என்று என் கெப்பர் பேசுவதை முழுதாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பினேன். பதறாத காரியம் சிதறாது.

ஒரு வருடம் அது மனதை அரித்தது. இப்போது இல்லை. ஊற்றைக் காணாதவனுக்கும் ஆறு தண்ணீர் தருகிறது. ரயிலேறி வருவதிலும் அவமானம் இல்லை. சுவிஸ் நாட்டுக்குள்ளே ஓடிய முதல் ரயில் 1847இல் சூரிச்சிலிருந்து வந்து நின்றதே எங்கள் பாடனில்தான். ஊருக்குத் திரும்பி வருகிறவர்களை இந்த ஊருக்கு நெடுநாளாகத் தெரியும்.

இங்கே நிலத்துக்குள்ளிருந்து 47 பாகை வெந்நீர் தானாக வருவது உனக்குத் தெரியும். ரோமர் காலத்திலிருந்து நொந்த உடம்போடு ஆட்கள் வருகிறார்கள். லிமாத் கரையில் இப்போது காசில்லாமல் எவரும் இறங்கக்கூடிய வெந்நீர்த் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். உன் முதற்பயணம் முடிந்து வருகிற பின்னேரம் எனக்கு ரெலிபோன் எடு. அங்கே வந்து உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். காலை வெந்நீருக்குள் விட்டுக்கொண்டு கதைக்கலாம். எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கமாட்டேன். எங்கே எங்கே இறங்கினாய் என்று சொல்லு.